நல்லது சொல்ல யாரும் மனு போடுவதில்லை

வாரத்துக்கு ஒரு முறையாவது என் கைபேசிக்கு ஒரு கட்டளை வருகிறது. இந்தக் கடையில் வாங்காதே, அந்தச் சோப்பைத் தொடாதே, இந்த நகைக்கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்காதே, உடனே பத்துப் பேருக்கு அனுப்பு. அனுப்புகிறவர்கள் அநேகமாக என் வயதுக்காரர்கள். பென்ஷன் வாங்கிக்கொண்டு, காலையில் கடற்கரையில் நடந்துவிட்டு, ஒன்பது மணிக்கு மேல் வேறு ஜோலி இல்லாதவர்கள். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். ஆனால், "இந்தக் கடைக்காரர் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறார், போய் நாலு சாமான் வாங்குங்கள்" என்று ஒரு செய்திகூட எனக்கு இதுவரை வந்ததில்லை. அந்த வராத செய்தியைப் பற்றித்தான் இன்றைக்கு எழுதப்போகிறேன்.

விஷயம் சிலருக்கு நெருடும். தன்பாலின ஈர்ப்பாளர்களுக்கு ஆதரவாக ஒரு கடை நின்றால், அந்தக் கடைக்கு ஆதரவாக வாடிக்கையாளர்கள் நிற்க வேண்டுமா என்பதுதான் கேள்வி. நிற்க வேண்டும் என்பது என் கட்சி. "இந்த வயதில் இதெல்லாம் உமக்கு எதற்கு? சர்க்கரை மாத்திரையைப் பற்றி எழுதும்" என்று சொல்லப்போகிற நண்பர்கள் தயவுசெய்து கடைசிவரை படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

முதலில் ஒரு சொல் விளக்கம். நம் பத்திரிகைகள் நெடுங்காலம் 'ஓரினச்சேர்க்கையாளர்' என்று எழுதின. அந்தச் சொல் படுக்கையறையை மட்டும்தான் காட்டுகிறது. இப்போது 'தன்பாலின ஈர்ப்பாளர்' என்கிறார்கள். அதில் மனசும் சேர்ந்து வருவதால் நானும் அதையே எழுதுகிறேன்.

நான் எடுத்துக்கொள்ளும் உதாரணம் அமெரிக்காவில் 2012ஆம் வருஷம் நடந்தது. ஜே.சி.பென்னி என்று அங்கே ஒரு பெரிய கடை. நம் ஊரில் தீபாவளிக்குக் குடும்பத்தோடு போய், தாத்தாவுக்கு வேட்டி முதல் பேரனுக்கு டிராயர் வரை ஒரே பில்லில் எடுக்கிறோமே, அந்த மாதிரி நடுத்தரக் குடும்பங்களின் கடை. அப்போது நாடு முழுக்க சுமார் 1,100 கிளைகள். தலைமை அலுவலகம் டெக்சஸ் மாநிலத்தில். நாகரிகக்காரர்கள் போகிற இடம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஜேம்ஸ் கேஷ் பென்னி என்பவர் 1902ல் வயோமிங் மாநிலத்தில் கெமரர் என்ற சுரங்கத் தொழிலாளர் ஊரில் தொடங்கிய கடை. அப்போது அதற்குப் பெயரே 'கோல்டன் ரூல்' கடை, அதாவது பொன்விதிக் கடை. பிறர் உனக்கு எதைச் செய்ய வேண்டுமென்று எண்ணுகிறாயோ அதையே நீ பிறருக்குச் செய் என்கிற பைபிள் போதனைதான் அந்தப் பொன்விதி.

2012 தொடக்கத்தில் இந்தக் கடை தன் விளம்பர முகமாக எலன் டிஜெனரஸ் என்ற தொலைக்காட்சிக் கலைஞரை நியமித்தது. அந்த அம்மாள் நகைச்சுவையில் பேர்போனவர். தனக்குப் பெண்களிடம்தான் ஈர்ப்பு என்று 1997ல் பகிரங்கமாகச் சொன்னவர். சொன்ன அடுத்த வருஷமே அவருடைய தொடர் நின்றுபோயிற்று. கொஞ்ச காலம் பிழைப்புக்கே திண்டாடி, 2003ல் வேறொரு நிகழ்ச்சியோடு திரும்பி வந்து, பகல் நேரத்தில் வீட்டில் இருக்கும் பெண்மணிகளின் அன்பைச் சம்பாதித்துக்கொண்டார்.

அவரை நியமித்த உடனே 'பத்து லட்சம் அம்மாக்கள்' என்ற பெயருள்ள ஒரு குழு கொடி பிடித்தது. அமெரிக்கக் குடும்பச் சங்கம் என்ற மதச்சார்பான அமைப்பின் கிளை அது. "அந்த அம்மாளை வேலையிலிருந்து நீக்கு, இல்லாவிட்டால் உன் கடைக்கு வரமாட்டோம்" என்பது கோரிக்கை. பெயரில் பத்து லட்சம் இருந்ததே தவிர, அன்றைக்கு அவர்களுடைய முகநூல் பக்கத்தில் இருந்தவர்கள் 40,000 பேர் அளவில்தான். எலன் தன் நிகழ்ச்சியிலேயே அதைச் சொல்லிச் சிரித்தார்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். தன்பாலின ஈர்ப்பாளர் என்பதற்காக ஒருவரை வேலையை விட்டு அனுப்புவதற்கு 2012ல் அமெரிக்காவின் பல மாநிலங்களில் சட்டப்படி தடை கிடையாது. டெக்சஸிலும் கிடையாது. அந்தத் தடை நாடு முழுவதுக்கும் வந்தது 2020 ஜூனில், அவர்களுடைய உச்ச நீதிமன்றத் தீர்ப்பால். ஆகவே அந்தக் கம்பெனி அந்த அம்மாளைக் கழற்றிவிட்டிருந்தால் கேட்க நாதி இல்லை. கழற்றிவிடவில்லை. எங்கள் நியமனம் நியமனம்தான் என்று சொல்லிவிட்டது.

அதோடு நிற்கவில்லை. அந்த வருஷம் மே மாதம் அன்னையர் தின விலைப்பட்டியலில் இரண்டு அம்மாக்கள் உள்ள குடும்பத்தின் படத்தைப் போட்டது. ஜூனில் தந்தையர் தினத்துக்கு இரண்டு அப்பாக்கள் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து கொஞ்சுகிற படம். மறுபடியும் கூச்சல் கிளம்பியது. கடை அசையவில்லை.

கடை எப்படி அசையாமல் நின்றது? முதலாளியின் தைரியம் ஒரு பங்கு. வாடிக்கையாளர்கள் கொடுத்த தைரியம் இன்னொரு பங்கு. நீக்கு என்று ஒரு பக்கம் கடிதம் வந்தபோது, நீக்காதே என்று மறுபக்கம் ஆயிரக்கணக்கில் கையெழுத்து போட்டார்கள். இனிமேல் இந்தக் கடையில்தான் வாங்குவோம் என்று பெயர் போட்டு எழுதினார்கள். இதில் தன்பாலின ஈர்ப்பாளர்கள் மட்டும் இல்லை. பழமைவாதி என்றே பெயர் வாங்கிய பில் ஓரைலி என்ற தொலைக்காட்சிக்காரர்கூட, ஒருத்தியின் பிழைப்பில் மண் போடாதீர்கள் என்ற கட்சியில் நின்றார். எலன் தன் நிகழ்ச்சியில் கடைக்கும் நன்றி சொன்னார், ஆதரித்தவர்களுக்கும் நன்றி சொன்னார்.

இதன் அருமை எனக்குப் புரிவதற்குக் காரணம் என் உத்தியோகம். முப்பது வருஷத்துக்கு மேல் அரசாங்க அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவன். தினமும் தபால் பிரித்து, எண் போட்டு, கோப்பில் சேர்ப்பது என் வேலை. குறை சொல்லும் மனு ஒரு நாளைக்கு இருபது வரும். "இந்த அலுவலகத்தில் இன்னார் எனக்கு நல்லபடியாக முடித்துக் கொடுத்தார்" என்று வந்த கடிதம், என் சர்வீஸ் முழுவதும் ஒரு கையின் விரல்களுக்குள் அடங்கும். நல்லபடியாக முடித்துக்கொண்டு போனவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சோறு சாப்பிட்டார்கள். கோபம் வந்தவர்தான் காகிதம் எடுத்தார்.

மேலே இருக்கிற அதிகாரிக்கு ஊர் தெரியாது, கோப்புதான் தெரியும். கோப்பு கனமாக இருந்தால் நடவடிக்கை எடு என்று எழுதிவிடுவார். அந்தக் கனத்தில் பாதி, ஒரே ஆள் பத்துப் பெயரில் போட்டதாக இருக்கும். ஒரே கையெழுத்து, ஒரே மை, ஒரே எழுத்துப்பிழை. எழுத்தனாகிய எனக்கு அது தெரியும், அதிகாரிக்குத் தெரியாது. ஒரு தடவை ஒரு நல்ல ஊழியரை இப்படித்தான் காரைக்காலுக்கு மாற்றினார்கள். அவரால் பயனடைந்தவர்களில் ஒருவராவது ஒரு அஞ்சலட்டை போட்டிருந்தால், நான் அதைக் கோப்பின் மேலே வைத்து அனுப்பியிருப்பேன். வைப்பதற்கு என் கையில் ஒன்றும் இல்லை.

பெரிய கம்பெனிகளும் இதே மாதிரிதான். அவர்களுக்கும் கோப்பு உண்டு, கனம் உண்டு. எதிர்க்கிறவர்களின் காகிதம் மட்டுமே போனால், ஊரே எதிர்க்கிறது என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

நம் நாட்டில் நடந்ததைப் பாருங்கள். 2021 அக்டோபரில் டாபர் கம்பெனி தன் ஃபெம் என்ற முகப்பூச்சுக்கு ஒரு விளம்பரம் எடுத்தது. வடநாட்டில் மனைவிமார் கணவருக்காக நோன்பிருக்கும் கர்வா சௌத் அன்று, இரண்டு பெண்கள் ஒருவருக்காக ஒருவர் நோன்பிருந்து சல்லடை வழியாக முகம் பார்த்துக்கொள்வார்கள். வேறொன்றும் இல்லை. மத்தியப் பிரதேசத்தின் அப்போதைய உள்துறை அமைச்சர் நரோத்தம் மிஸ்ரா சட்ட நடவடிக்கை எடுப்போம் என்று எச்சரித்தார். கம்பெனி விளம்பரத்தைத் திரும்பப் பெற்று மன்னிப்பும் கேட்டது. அதற்கு முந்தைய வருஷம் தனிஷ்க் நகைக்கடை, இந்து மருமகளுக்கு முஸ்லிம் மாமியார் வளைகாப்பு நடத்துகிற விளம்பரத்தை எடுத்துவிட்டு, இதே மாதிரி வாபஸ் வாங்கியது. விஷயம் வேறு, கூச்சல் ஒன்றுதான்.

இத்தனைக்கும் உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6ஆம் தேதியே, வயது வந்த இருவர் சம்மதத்தோடு சேர்ந்திருப்பது குற்றமில்லை என்று தீர்ப்பளித்துவிட்டது. ஐந்து நீதிபதிகள், ஒருமித்த முடிவு. மூன்று வருஷம் கழித்தும் அந்தத் தீர்ப்பு ஒரு முகப்பூச்சு விளம்பரத்தைக் காப்பாற்றவில்லை. அந்த விளம்பரத்தைப் பார்த்து, "அட, நன்றாக எடுத்திருக்கிறார்களே" என்று நினைத்தவர்கள் லட்சக்கணக்கில் இருந்திருப்பார்கள். அவர்களில் எத்தனை பேர் கம்பெனிக்கு ஒரு வரி எழுதினார்கள்?

நேர்மாறான உதாரணமும் நம் பக்கத்திலேயே இருக்கிறது. அதே 2021ல் கேரளத்தின் பீமா நகைக்கடை, ஒரு திருநங்கை தன் பெற்றோரின் அன்போடு மணப்பெண்ணாக ஆகிறவரை காட்டும் விளம்பரத்தை வெளியிட்டது. வசனமே இல்லாத சின்னப் படம். பார்த்தவர்கள் கண் கலங்கி, நாலு பேருக்கு அனுப்பி, நன்றாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னார்கள். கடை அதைத் திரும்பப் பெறவில்லை.

இப்போது எதிர்வாதங்களுக்கு வருகிறேன். கடற்கரையில் நண்பர்களிடம் கேட்டவைதான்.

முதல் வாதம்: "ஜே.சி.பென்னி அதற்கப்புறம் நஷ்டப்பட்டதே, ஐயா!" உண்மை. மறைக்க மாட்டேன். அந்த ஒரே வருஷத்தில் விற்பனை 1,700 கோடி டாலருக்குச் சற்று மேலிருந்து சுமார் 1,300 கோடி டாலருக்கு விழுந்தது. ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. தலைமை நிர்வாகி ரான் ஜான்சன் 2013 ஏப்ரலில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். எலனை வைத்ததால் வந்த கேடு என்று எதிர்த்தவர்கள் பரப்பினார்கள்.

ஆனால் கணக்கு எழுதிப் பழகியவனிடம் இந்தப் பருப்பு வேகாது. ஒரு தலைப்பில் ஏற்பட்ட செலவை இன்னொரு தலைப்பில் எழுதினால் தணிக்கைக்காரர் விடமாட்டார். ஜான்சன் ஆப்பிள் கம்பெனியின் கடைகளைக் கட்டி எழுப்பிப் பெயர் வாங்கியவர். அவர் 2012 பிப்ரவரி 1ஆம் தேதி முதல் இந்தக் கடையில் தள்ளுபடியையும் கூப்பனையும் ஒழித்துவிட்டு, என்றைக்கும் ஒரே நியாய விலை என்று அறிவித்தார். கூப்பனைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு வந்து பழகிய சனங்கள் கடைப் பக்கமே வரவில்லை. நம் ஊர் ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் நாளைக்கு ஆடித் தள்ளுபடியை எடுத்துவிட்டு, வருஷம் பூரா நியாய விலை என்று போர்டு மாட்டினால் என்ன ஆகும்? ஈ ஓட்ட வேண்டியதுதான். ஜான்சனுக்குப் பிறகு பழைய நிர்வாகியே திரும்பி வந்து முதல் வேலையாகக் கூப்பனைத்தான் மீட்டார். நோய் எது என்று மருந்தே சொல்லிவிட்டது.

அதற்காக, நல்ல பக்கம் நிற்கிற கடைக்கு லாபம் கொட்டும் என்றும் நான் சொல்லவில்லை. சில நேரம் நஷ்டம் வரலாம். அந்த நஷ்டத்தைக் கடைக்காரர் தனியாகச் சுமக்க விடலாமா என்பதுதான் என் கேள்வி. டார்கெட் என்ற இன்னொரு அமெரிக்கக் கடைக்கு 2023 மே மாதம் நடந்தது நினைவிருக்கலாம். பத்து வருஷத்துக்கு மேலாக ஒவ்வொரு ஜூனிலும் தன்பாலின ஈர்ப்பாளர்களுக்கான வானவில் சாமான்களை விற்று வந்த கடை. அந்த வருஷம் சிலர் கிளைகளுக்குள்ளேயே புகுந்து அலமாரிகளைத் தள்ளி, சிப்பந்திகளை மிரட்டினார்கள். சிப்பந்திகளின் பாதுகாப்பைக் காரணமாகச் சொல்லிக் கடை சில சாமான்களை எடுத்துவிட்டது. பத்து வருஷம் ஆசையாக வாங்கியவர்களின் குரலைவிட, ஒரு மாதம் மிரட்டியவர்களின் குரல் உரக்கக் கேட்டது.

இரண்டாவது வாதம்: "இதெல்லாம் வியாபாரத் தந்திரம். ஜூன் மாதம் வானவில் கொடி, ஜூலையில் மூட்டை கட்டிவிடுவார்கள்." ஒப்புக்கொள்கிறேன். பாதிப் பேர் அப்படித்தான். அதனால்தான் கொடியைப் பார்த்து ஏமாறக் கூடாது. யாரும் எதிர்க்காதபோது நல்லவனாக இருப்பது சுலபம். மிரட்டல் வந்தபோது அந்தக் கடை என்ன செய்தது, தன் சிப்பந்தியை விட்டுக்கொடுத்ததா, இல்லையா என்று பாருங்கள். விட்டுக்கொடுக்காத கடையாக இருந்தால், உள்நோக்கம் பணமாகவே இருந்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. மளிகைக்கடைக்காரர் என் மேல் உள்ள பாசத்தாலா துவரம்பருப்பைச் சரியாக நிறுக்கிறார்?

மூன்றாவது வாதம்: "பகிஷ்காரம் செய்வது எங்கள் உரிமை." சந்தேகமே இல்லை. அந்நியத் துணியைக் கொளுத்திய நாடு இது. பிடிக்காத கடையில் நீங்கள் வாங்காமல் இருக்கலாம், நானும் சில கடைகளில் வாங்குவதில்லை. ஆனால் பத்து லட்சம் அம்மாக்கள் கேட்டது அதுவன்று. ஒரு பெண்ணை, அவள் செய்த காரியத்துக்காக இல்லாமல் அவள் பிறப்புக்காக, வேலையிலிருந்து நீக்கு என்று கேட்டார்கள். மாதம் முதல் தேதி சம்பளத்துக்குக் கையெழுத்துப் போட்டுக் குடும்பம் நடத்தியவர்கள் நாம். அடுத்தவனின் சம்பளத்தில் கை வைப்பது எவ்வளவு பெரிய பாவம் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நாலாவது வாதம்தான் அதிகம் கேட்பது: "இது நம் கலாசாரம் இல்லை." அதற்குப் புதுச்சேரிக்காரனாக ஒரு பதில் வைத்திருக்கிறேன். இந்த உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவு, 1860ல் ஆங்கிலேயர் எழுதிய தண்டனைச் சட்டத்தில் இருந்தது. நம் ஊரில் அப்போது நடந்தது பிரெஞ்சு சட்டம். வயது வந்த இருவர் நாலு சுவருக்குள் எப்படி இருந்தாலும் சர்க்கார் கேட்பதில்லை என்று, புரட்சிக்குப் பிறகு 1791லேயே பிரெஞ்சுக்காரர்கள் அந்தக் குற்றத்தைத் தண்டனைச் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். இணைப்பு முடிந்து, 1963ல் இந்தியத் தண்டனைச் சட்டம் இங்கே நீட்டிக்கப்பட்டபோதுதான் 377 நம் தெருவுக்கு வந்தது. அப்போது நான் லிசேயில் 'திக்தே' எழுதிக்கொண்டிருந்த பையன். எனக்கு இளையதாகிய ஒரு சட்டப் பிரிவை, ஆதிகாலத்துக் கலாசாரம் என்று என்னிடமே சொன்னால் எப்படி?

பிரெஞ்சுக்காரர்கள் உத்தமர்கள் என்று சொல்ல வரவில்லை. அவர்களும் ஆள வந்தவர்கள்தான். கேலியும் கிசுகிசுப்பும் அன்றைக்கும் நம் தெருக்களில் இருந்தன. ஆனால் கேலி செய்தவர்கள்கூட, போலீஸைக் கூப்பிடலாம் என்று நினைத்ததில்லை.

எங்கள் பள்ளிக்கூடத்துச் சுவரில் மூன்று வார்த்தைகள் எழுதியிருக்கும். லிபெர்த்தே, எகாலித்தே, ஃபிரத்தெர்னித்தே. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம். முதல் இரண்டையும் ஒரு நீதிமன்றம் தீர்ப்பு எழுதிக் கொடுக்க முடியும். கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தும் வருகிறது. திருமணத்தைச் சட்டம் ஏற்க வேண்டும் என்ற கோரிக்கையை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை, அதற்கு இன்னும் காலம் பிடிக்கும். மூன்றாவது வார்த்தைக்கு மட்டும் எந்த நீதிபதியாலும் உத்தரவு போட முடியாது. அது பக்கத்து வீட்டிலும் கடைத்தெருவிலும் கிடைத்தால்தான் உண்டு.

கடைத்தெரு என்றதும் நம் ஊரிலேயே ஒன்று ஞாபகம் வருகிறது. கடைப் பெயர் வேண்டாம். சேலைப் பிரிவில் ஒரு பையன் வேலை செய்தான். இருபத்திரண்டு வயதிருக்கும். நடையிலும் பேச்சிலும் ஒரு நளினம். சேலை மடிப்பைப் பிரித்துக் காட்டுவதில் அவனை அடிக்க ஆள் கிடையாது. அவன் யார், எவர் என்று நான் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை. சில குடும்பத்துப் பெரிய மனுஷிகள், "இவனை முன்னால நிறுத்தாதீங்க, பிள்ளைங்களைக் கூட்டிட்டு வர்றோம்" என்று கல்லாவில் போய்ச் சொன்னார்கள். முதலாளி வயதானவர், நெற்றியில் பட்டை விபூதி. "அவன் சேலை எடுத்துக் காட்டறது சரியில்லன்னா சொல்லுங்கம்மா, மாத்தறேன்" என்று மட்டும் சொன்னாராம். இரண்டு மூன்று குடும்பங்கள் அந்தக் கடைக்குப் போவதை நிறுத்தின. ஒன்று எங்கள் தெருவிலேயே இருந்தது. அப்படித்தான் விஷயம் எங்கள் வீட்டுக்கு வந்தது.

என் மனைவி அதைக் கேட்டுவிட்டு, "என்னங்க, இந்தப் பொங்கலுக்கு அங்கயே எடுத்துடலாம்" என்றாள். போனோம். அந்தப் பையன்தான் எடுத்துக் காட்டினான். மருமகளுக்கு ஒன்று, நாத்தனாருக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று. பில் போடும்போது அவள் முதலாளியிடம், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "தம்பி நல்லா பொறுமையா எடுத்துக் காட்டினாரு. அவருக்காகவே இங்க வர்றோம்" என்றாள். முதலாளி சில்லறையை எண்ணிக்கொண்டே "சரிங்கம்மா" என்றார். அவ்வளவுதான். எங்கள் மூன்று சேலையால் அந்தக் கடை பிழைத்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஆனால் குறை மட்டுமே கேட்டுப் பழகிய அந்தக் கல்லாவில், அன்றைக்கு வேறொரு பேச்சும் பதிவாயிற்று. மேஜைக்கு அந்தப் பக்கம் சேலை மடித்துக்கொண்டிருந்த பையன் காதிலும் அது விழுந்தது.

ஐந்தாவது வாதம்: "பிள்ளைகள் கெட்டுப்போவார்கள்." அந்தத் தந்தையர் தினப் படத்தில் இரண்டு ஆண்கள் என்ன செய்கிறார்கள்? பிள்ளைகளோடு விளையாடுகிறார்கள். அதைப் பார்த்துக் கெட்டுப்போகிற பிள்ளை எது? நான் கவலைப்படுவது வேறு பிள்ளைகளைப் பற்றி. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருக்கும்போது, தாத்தா தொலைக்காட்சியைப் பார்த்து ஒரு கேலிச் சொல் சொல்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். ஒரு பேரனோ பேத்தியோ மட்டும் சிரிக்காமல் தட்டைப் பார்த்துச் சாப்பிடுகிறது. தாத்தா அதைக் கவனிப்பதில்லை. அந்தப் பிள்ளை கவனித்துக்கொள்கிறது, இந்த வீட்டில் யாரிடம் வாய் திறக்கக் கூடாது என்று. நாம் ஒவ்வொருவரும் நம் குடும்பத்துப் பிள்ளைகளை எண்ணிப் பார்ப்போம். என் பக்கமும் மனைவி பக்கமும் சேர்த்தால் பேரப்பிள்ளைகள் முறையில் இருபதுக்கு மேல் இருக்கிறார்கள். அத்தனை பேரும் ஒரே மாதிரிதான் இருப்பார்கள் என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. உங்களால் முடியுமா?

தாத்தா அதே விளம்பரத்தைப் பார்த்து, "பரவாயில்லையே, இந்தக் கடை நல்ல கடையா இருக்கே, அடுத்த தடவை அங்க வாங்கலாம்" என்று சொல்லியிருந்தால்? பத்து வினாடிப் பேச்சு. அந்தப் பிள்ளைக்கு அது எத்தனை வருஷத்துக்குக் காணும்!

நம் வயதுக்காரர்களுக்கு இதில் ஒரு தனிப் பொறுப்பு இருக்கிறது. கல்யாணத்துக்கு நகை எந்தக் கடையில், தீபாவளிக்குத் துணி எந்தக் கடையில் என்று இன்றைக்கும் பல வீடுகளில் பெரியவர்கள்தான் முடிவு செய்கிறார்கள். வியாபாரிகளுக்கு அது நன்றாகத் தெரியும். விளம்பரம் வந்தால் இளைஞர்கள் பாராட்டுவார்கள், பெரியவர்கள்தான் கோபித்துக்கொள்வார்கள் என்று அவர்கள் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கைத் தப்பாக்குவது நம் கையில்தான் இருக்கிறது.

கொடி பிடிக்கச் சொல்லவில்லை. ஊர்வலம் போக முழங்கால் ஒத்துழைக்காது. ஒரு கம்பெனி இந்த மாதிரி விஷயத்தில் மிரட்டலுக்குப் பணியாமல் நின்றது என்று செய்தி படித்தால், அன்றைக்கே அதற்கு நாலு வரி எழுதுங்கள். சொந்தப் பெயர், வயது, ஊர், எத்தனை வருஷமாக அவர்கள் சாமானை வாங்குகிறீர்கள் என்ற விவரம் இருக்கட்டும். மொட்டைக் கடிதத்துக்கு நடுவில் பெயர் போட்ட கடிதத்துக்கு என்ன மதிப்பு என்று எழுத்தர்களைக் கேளுங்கள். பணிந்துபோன கம்பெனிக்கும் எழுதுங்கள், உங்கள் விளம்பரம் எனக்குப் பிடித்திருந்தது, ஏன் எடுத்தீர்கள் என்று. உள்ளூர்க் கடையாக இருந்தால் எழுதவே வேண்டாம், பில் போடும்போது ஒரு வார்த்தை சொன்னால் போதும். கைபேசியில் "இந்தக் கடைக்குப் போகாதே" என்று வந்தால், அனுப்பியவருக்கு "நான் போகப்போகிறேன்" என்று பதில் போடுங்கள்.

என்னிடம் மறுப்புச் சொல்ல விரும்புகிறவர்கள் நேரிலேயே வரலாம். சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் காந்தி சிலைக்குத் தென்பக்கம், வழக்கமான பெஞ்சில்தான் இருப்பேன். வரும்போது இரண்டு பொட்டலம் கடலை வாங்கி வாருங்கள். வாதம் நீளும்.